மிச்சம் என்று யார் சொன்னது?

சென்ற மார்கழியில் ஒரு நாள் பேரணாம்பட்டுக்குப் போயிருந்தேன். நான் பிறந்து வளர்ந்த ஊர் அது. பேருந்து ஊருக்குள் நுழையும்போதே தோல் வாடை வந்து வரவேற்றது. வெளியூர்க்காரர்கள் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கோ அந்த வாடை என் தந்தையின் சட்டையை நினைவூட்டும். இதே ஊரில் ஒரு தோல் மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர் அவர்.

என் தம்பியின் பள்ளித் தோழர் ஒருவர் இங்கே தோல் தரகு செய்கிறார். அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். நாலு வார்த்தை பேசுவதற்குள் சட்டைப் பையிலிருந்து ஒரு நாட்காட்டித் தாளை எடுத்து என்னிடம் கொடுத்தார். தாளின் பின்புறத்தில் பென்சிலால் எழுதிய கணக்கு.

“கோவாவுக்குப் போகிறேன் அண்ணே. ஒரே ஒரு ராத்திரி. பனாஜியில் மாண்டவி ஆற்றின் மேல் கப்பல்களை நிறுத்தி வைத்துச் சூதாட்ட விடுதி நடத்துகிறார்களே, அதைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஓர் ஆசை. கணக்குச் சரியா பாருங்கள். நீங்கள் கணக்குப்பிள்ளை மகன் ஆயிற்றே!” என்றார்.

பார்த்தேன். ஆம்பூரில் ரயில் ஏறிப் பெங்களூர் போய், அங்கிருந்து இரவுப் பேருந்தில் பனாஜி போய், அதே வழியில் திரும்ப 5,000 ரூபாய். தங்கும் அறை 4,000. சாப்பாடு 1,500. கப்பலில் நுழைவுக் கட்டணம் 3,000. ஆட்டத்துக்கு 20,000. கைக்காவலாக 1,500. ஆக மொத்தம் 35,000. கூட்டலில் பிழை இல்லை.

“இந்த இருபதாயிரம் போனால் போகட்டும் என்று இப்போதே எழுதிவிட்டேன். இதற்கு மேல் ஒரு ரூபாய் தொடமாட்டேன். சினிமாவுக்குப் போகிறவன் டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்கிறானா?” என்றார் நண்பர்.

இந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. சூதில் அழிந்தவர்கள் பெரும்பாலும் அளவு வைக்காததால் அழிந்தவர்கள்தாம். ருஷ்ய நாவலாசிரியர் தாஸ்தயேவ்ஸ்கி கடன்காரருக்குப் பயந்து 1866இல் ‘சூதாடி’ என்ற நாவலை ஒரு மாதத்துக்குள் சொல்லி எழுதி முடித்தார். சூதாடியின் மனத்தை அவ்வளவு தெளிவாக அறிந்திருந்தும், அடுத்த ஆண்டே பாடன் நகரில் மனைவியின் நகைகளை அடகு வைத்து ஆடினார். அறிவு அவரைத் தடுக்கவில்லை. ஒரு நாட்காட்டித் தாள் ஒருவரைத் தடுக்குமானால் அதை நான் ஏளனம் செய்வானேன்?

கணித நூலாரும் நண்பரின் பக்கமே சாய்வார்கள். ரூலெட் என்னும் சுழல் சக்கரத்தில் 36 எண்கள், ஒரு பூஜ்யம், ஆக 37 குழிகள். எண்களில் பாதி சிவப்பு, பாதி கறுப்பு. பூஜ்யம் இரண்டிலும் சேராது. சிவப்பின்மேல் பணம் வைத்தால் வெல்வதற்கு 18 வழி, தோற்பதற்கு 19 வழி. அந்த ஒற்றை வழிதான் விடுதிக்காரனின் வருமானம். நாம் வைக்கும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் சராசரியாக 2 ரூபாய் 70 காசு அவனுக்குச் சேரும். வீட்டிலிருந்து கொண்டுபோன நூறுக்கு மட்டும் அல்ல; திரும்பத் திரும்ப வைக்கிற ஒவ்வொரு நூறுக்கும்!

ஆகவே அங்கே செலவாவது நேரம். 10,000 ரூபாயை இரண்டு மடங்காக்க விரும்புகிறவன் முழுவதையும் ஒரே முறை சிவப்பில் வைத்தால், வெல்ல நூற்றுக்கு ஏறக்குறைய 49 பங்கு இடம் உண்டு. அதையே நூறு நூறாக வைத்து, இரட்டிக்கும்வரை அல்லது தீரும்வரை ஆடுவேன் என்று உட்கார்ந்தால், 224 பேரில் ஒருவனுக்குத்தான் அது கைகூடும். நிதானமாக ஆடுகிறவன் நிதானமாகத் தோற்கிறான், வேறுபாடு அவ்வளவுதான்.

இதைச் சொன்னதும் நண்பருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. “அதற்காகத்தான் அண்ணே ஒரே ராத்திரி!” என்றார்.

அந்த நேரத்தில் அவர் மனைவி தேநீர் கொண்டுவந்தார். நண்பரின் கை தானாக நகர்ந்தது. தாளைக் கவிழ்த்து, அதன்மேல் தம் மூக்குக் கண்ணாடிக் கூட்டை வைத்தார். “அண்ணா, சர்க்கரை போதுமா?” என்று கேட்டுவிட்டு அந்த அம்மாள் உள்ளே போனார்.

கூட்டலில் பிழை இல்லாத கணக்கு ஏன் கவிழ வேண்டும்? அந்தக் கேள்வி என்னை அறுபது ஆண்டுகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போயிற்று.

என் தந்தை ஞாயிற்றுக்கிழமைதோறும் சீட்டாடுவார். மாதச் சம்பளம் 120 ரூபாய். சம்பளம் வாங்கிய அன்று மாலையே 105 ரூபாயை எண்ணி என் தாயிடம் கொடுப்பார். மீதி 15 ரூபாயை ஓர் உறையில் போட்டு வைத்துக்கொள்வார். “வீட்டுக்கு உள்ளது வீட்டுக்கு. மிச்சம்தான் எனக்கு” என்பார். உறை காலியானால் அடுத்த சம்பளம் வரையில் சீட்டைத் தொடமாட்டார். கடன் வாங்கி ஆடியது ஒரு நாளும் இல்லை. தெருவில் சில வீடுகளிலிருந்து அண்டாவும் குடமும் அடகுக் கடைக்குப் போனதைக் கண்டவன் நான். ஆகையால் என் தந்தையின் கட்டுப்பாட்டில் எனக்கு அளவில்லாப் பெருமை.

என் தாய் பீடி சுற்றுவாள். பேரணாம்பட்டிலும் குடியாத்தத்திலும் எத்தனையோ பெண்கள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு செய்த வேலை அது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. சரியில்லை என்று கழித்த பீடிக்குக் கூலி இல்லை. அவளுக்குக் கண் மங்கத் தொடங்கியது. கழிவு பெருகியது. “இந்தக் கட்டைப் பார்த்துச் சொல்லுடா” என்று மாலையில் என்னைக் கூப்பிடுவாள். கண்ணாடி வாங்கிக்கொள் என்றால், “அடுத்த மாசம் பார்த்துக்கொள்ளலாம்” என்பாள். அந்த அடுத்த மாதம் மூன்று ஆண்டுகள் வரவில்லை.

ஒரு நாள் குடியாத்தத்தில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் நானே நுழைந்து விலை கேட்டேன். கடைக்காரர் சொன்னார்: “15 ரூபாய் ஆகும் தம்பி.”

பதினைந்து ரூபாய்! அந்த உறைக்குள் இருந்த தொகை. அன்று அது எனக்கு விளங்கவில்லை. விளங்கியபோது என் தந்தை இல்லை.

அவர் திருடவில்லை. பொய் சொல்லவில்லை. அளவு மீறவில்லை. ஆனால் வீட்டுக்கு 105 போதும் என்று முடிவு செய்தவர் யார்? ஆடப் போகிற அவரேதான். போதும் என்பதை ஒருவரே முடிவு செய்யும் வீட்டில் மிச்சம் என்பது எப்போதும் இருக்கும். அடுத்தவருடைய தேவையைக் குறைத்து எழுதினால் போதும், மிச்சம் தானே பிறந்துவிடும்.

பாரதக் கதையில் பாஞ்சாலி சபை நடுவே கேட்ட கேள்வியும் இந்தக் கணக்கைப் பற்றியதுதான். தருமன் தன்னைத் தோற்றபின் என்னை வைத்தானா, என்னை வைத்தபின் தன்னைத் தோற்றானா என்று கேட்டாள். சூது நல்லதா கெட்டதா என்று அவள் வாதாடவில்லை. வைத்த பொருள் வைத்தவனுடையதா என்பதுதான் அவள் கேள்வி. அறம் அறிந்த பெரியோர் நிறைந்த சபையில் அதற்கு நேரான பதில் கிடைக்கவில்லை.

தனி மனிதர் மட்டும்தானா இப்படி? எங்கள் ஊர்த் தொழிலையே எடுத்துக்கொள்வோம். தோலுக்கு இவ்வளவு, உப்புக்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு என்று காசு பிசகாமல் கணக்கு எழுதி இலாபம் கண்டவர்கள், பாலாற்றை எந்தப் பத்தியிலும் எழுதவில்லை. கழிவு நீரால் கிணறும் வயலும் கெட்டன. கெடுத்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொல்லிற்று. 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக அந்த நீதிமன்றம் மறுபடியும் ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. வியாபாரத்திலும் துணிச்சல் வேண்டும். தோல் விலையும் டாலர் விலையும் நம் கையிலா இருக்கின்றன? ஆயினும் வியாபாரி துணிந்து இறங்கினால் பச்சைத் தோல் பதப்பட்ட தோலாகிறது. பத்துப் பேர் உண்கிறார்கள். சூதில் ஒன்றும் விளைவதில்லை. பணம் கை மாறுகிறது. இந்த வேறுபாடு பெரிது. ஆனால் இழப்பைப் பிறர் தலையில் எழுதிவிட்டு இலாபத்தைத் தன் பக்கம் எழுதுகிறபோது, இரண்டு பேரும் ஒரே தாளைத்தான் கவிழ்த்து வைக்கிறார்கள்.

அரசுகளும் அப்படியே. கோவா 1992இலும் 1996இலும் சட்டத்தைத் திருத்திச் சூதாட்ட விடுதிக்கு வழி விட்டது. 2020 பிப்ரவரியில், கோவாக்காரர்கள் மட்டும் அந்த விடுதிகளில் நுழையக் கூடாது என்று தடுத்தது. மொனாக்கோ நாட்டிலும் உள்நாட்டுக் குடிமக்கள் ஆட முடியாது. தன் பிள்ளைக்கு ஆகாது என்று தெரிந்த பண்டத்தை அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு விற்பது என்ன நீதி? நாமும் பெருமை பேச இடமில்லை. 1968இல் தொடங்கிய பரிசுச் சீட்டு 2003இல்தான் தமிழ்நாட்டில் நின்றது.

‘அப்படியானால் ஒரு காபி குடிக்கவும் ஒருவன் வீட்டில் அனுமதி கேட்க வேண்டுமா?’ என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு மனிதனுக்கு வீண் செலவு செய்யவும் கொஞ்சம் உரிமை வேண்டும். அது இல்லாத வாழ்க்கை சிறை. ஆனால் அந்த உரிமை வீட்டில் ஒருவருக்கு மட்டும் இருந்தால் அதற்கு உரிமை என்று பெயர் இல்லை. என் தாய்க்கு எந்த உறை இருந்தது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் தந்தை கேட்டிருந்தால் என் தாய் மறுத்திருக்கமாட்டாள். “எனக்கு என்ன குறை? ஆடிவிட்டு வாருங்கள்” என்றுதான் சொல்லியிருப்பாள். ஆகவே கேட்டுவிட்டேன் என்பதால் கடமை தீர்ந்துவிடாது. கேட்பதற்குமுன் பார்க்க வேண்டும். அவள் பீடிக் கட்டைக் கண்ணருகே தூக்கிப் பிடித்த மாலைகளில் அவர் ஒரு முறை நிமிர்ந்து பார்த்திருந்தால் போதும்.

அந்தப் பதினைந்து ரூபாய்க் கதையை நண்பரிடம் சொன்னேன். வேறு புத்திமதி சொல்லவில்லை. அவர் சிறிது நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனைவியைக் கூப்பிட்டுத் தாளை நீட்டினார்.

அந்த அம்மாள் வரி வரியாகப் படித்தார். “ராத்திரி முழுவதும் ஆடப் போகிறவருக்கு அறை எதற்கு? நாலாயிரம் மிச்சம்” என்றார். மூவரும் சிரித்துவிட்டோம். பிறகு பென்சிலை வாங்கி, கடைசி வரிக்குக் கீழே ஏதோ எழுதித் திருப்பிக் கொடுத்தார். நண்பர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் எட்டிப் பார்த்தேன்.

‘கடைவாய்ப் பல், 8,000.’

“இன்னுமா வலிக்கிறது?” என்றார் நண்பர். “போன ஆடியிலிருந்து” என்றார் அந்த அம்மாள்.

தை பிறந்ததும் நண்பர் கோவாவுக்குப் போய் வந்ததாக அறிந்தேன். தொலைபேசியில் பேசியபோது ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். நான் அதைக் கேட்கவில்லை. பல் வைத்தியம் ஆயிற்றா என்று கேட்டேன்.

“அதை முடித்துவிட்டுத்தான் போனேன் அண்ணே” என்றார்.