எட்டு வரிகள்

தியாகையருக்கு இந்தத் தொல்லை இல்லை. சொல்லும் அவருடையது, ஸ்வரமும் அவருடையது. ஒரு வார்த்தை ராகத்துக்கு இடித்தால் அவரே மாற்றிக்கொள்ளலாம். யாரிடமும் போய் உத்தரவு கேட்க வேண்டியதில்லை.

மேல்நாட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் செழித்து வளர்ந்த ஒருவகைப் பாட்டில் விஷயம் வேறு. அங்கே கவி ஒருவர், சங்கீதம் அமைப்பவர் இன்னொருவர். ஏற்கனவே அச்சாகி வாசகர் மனத்தில் படிந்துவிட்ட கவிதையை எடுத்து, ஒற்றைக் குரலுக்கும் பியானோவுக்கும், சில சமயம் அதனோடு நாலைந்து வாத்தியங்களுக்கும் எழுதுவார்கள். பெரிய கும்பலுக்கல்ல, ஒரு கூடத்தில் உட்கார்ந்து கேட்பதற்கு. இதில் கவிக்கு ஏற்படும் சங்கடம் கொஞ்சமல்ல. 1816-ல் ஷூபர்ட் தம் கவிதைகளுக்கு அமைத்த பாட்டுகளைக் கதேக்கு ஒரு நண்பர் மூலம் அனுப்பிவைத்தார். ஒரு வார்த்தை பதில் இல்லாமல் கட்டு திரும்பி வந்தது. அதுவாவது மௌனம். நான் சொல்ல வந்தது வாய்விட்டே நடந்த ஒரு சண்டையை.

ஏ. இ. ஹவுஸ்மன் லத்தீன் பேராசிரியர். 1896-ல் 'எ ஷ்ராப்ஷயர் லாட்' என்ற சிறு கவிதைப் புத்தகத்தை வெளியிட்டார். அதில் ஒரு கவிதை, இறந்துபோன உழவன் ஒருவன் மண்ணுக்கடியிலிருந்து நண்பனை விசாரிப்பது. என் ஏர் ஓடுகிறதா? ஓடுகிறது. ஆற்றங்கரையில் பந்தாட்டம் நடக்கிறதா? நடக்கிறது. என் காதலி அழுகையை நிறுத்தினாளா? நிறுத்திவிட்டாள், நிம்மதியாக இருக்கிறாள். நீ சௌக்கியமா? சௌக்கியம்தான், இறந்தவன் ஒருவனுடைய காதலியைத் தேற்றிக்கொண்டிருக்கிறேன், யாருடையவள் என்று மட்டும் கேட்காதே.

ரால்ஃப் வான் வில்லியம்ஸ் இதையும் சேர்த்து ஆறு கவிதைகளை எடுத்து, டெனர் குரலுக்கும் பியானோவுக்கும் இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோவுக்குமாக 'ஆன் வென்லாக் எட்ஜ்' என்று அமைத்தார். 1909 நவம்பரில் லண்டனில் அரங்கேறியது. இறந்தவன் கேட்கும்போது தந்திகளின் நாதம் அடக்கப்பட்டு, பனிமூட்டத்துக்குள்ளிருந்து வருவதுபோல் வருகிறது. உயிரோடிருப்பவன் பதில் சொல்லும்போது பியானோ படபடக்கிறது. குற்றமுள்ள நெஞ்சு அடித்துக்கொள்வதை வாத்தியத்தில் அப்படிக் காட்ட முடியும் என்று நான் நினைத்ததில்லை.

ஆனால் பந்தாட்டத்தைப் பற்றிய கேள்வியையும் பதிலையும், ஆகமொத்தம் எட்டு வரிகளை, அவர் விட்டுவிட்டார்.

ஹவுஸ்மனுக்குக் கோபம். அவருடைய சங்கீதத்தில் இரண்டு ஆவர்த்தனத்தை நான் வெட்டினால் அவருக்கு எப்படி இருக்கும் என்று பதிப்பாளருக்கு எழுதினார். வான் வில்லியம்ஸ் சளைக்கவில்லை. அர்த்தம் கெடாதவரையில் எந்தப் பகுதியை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ள சங்கீதக்காரனுக்கு உரிமை உண்டு என்றார். போதாததற்கு, அந்த அசட்டு வரிகளை மறக்கச் செய்ததற்குக் கவி எனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஹவுஸ்மன் அந்தக் கவிதைகளுக்கு யார் மெட்டமைக்கக் கேட்டாலும் காசு வாங்காமல் அனுமதி கொடுத்தவர். அனுமதி கொடுத்துவிட்டு அப்புறம் ஏன் குறைப்பட வேண்டும் என்று கேட்கலாம். பெண்ணைக் கட்டிக் கொடுத்த தகப்பன், சம்பந்தி வீட்டில் அவளுக்கு வேறு பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்களே என்று வருந்துவதில்லையா? ஒரு நண்பர் வீட்டில் இந்தப் பாட்டின் இசைத்தட்டை வைத்தபோது மனிதர் முகத்தில் தெரிந்த வேதனையை அந்த நண்பரே பின்னால் எழுதியிருக்கிறார்.

அந்த எட்டு வரிகளைத் தனியே எடுத்துப் பார்த்தால் வான் வில்லியம்ஸ் சொல்வது சரி. அழகான வரிகள் அல்ல. ஆனால் அவை இருக்குமிடத்தைப் பாருங்கள். ஏரைப் பற்றிக் கேட்டவனுக்கு அடுத்தபடி கேட்க வேண்டியது அவளைப் பற்றி. கேட்கப் பயம். அதனால் பந்தாட்டம். ஊரிலிருந்து வந்தவனிடம் மழை பெய்ததா, தேர் ஓடிற்றா என்றெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் வாசற்படியில், 'அவர்கள் வீட்டில் எல்லாரும் சுகந்தானே?' என்று நாம் கேட்பதில்லையா? அசட்டுக் கேள்விதான். அசடாக இருப்பதுதான் அதன் வேலை.

இவ்வளவு கட்சி பேசுகிறேனே, அந்தப் பாட்டை முதல்முறை கேட்டபோது எட்டு வரி இல்லை என்பதே எனக்குத் தெரியவில்லை. கல்லூரியில் படித்த கவிதைதான். மயிர்க்கூச்செறியக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது. கோபமும் அதற்கப்புறந்தான் வந்தது. கண்ணில் நீர் வந்த பிறகு வருகிற கோபத்துக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது?

இந்த விஷயத்தில் எனக்குச் சொந்தக் கணக்கு ஒன்று உண்டு. வருஷங்களுக்கு முன் ஒரு பத்திரிகையில் என் கதை வந்தது. மகனிடம் பணம் கேட்கப் பட்டணத்துக்கு வரும் தகப்பனார், வாய் வராமல் ஊர்க் கிணற்றில் தண்ணீர் வற்றியதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார். அந்தக் கிணற்றுப் பாராவை ஆசிரியர் அடித்துவிட்டார், கதை ஓட மாட்டேன் என்கிறது என்று. நான் ஒரு வாரம் சரியாகத் தூங்கவில்லை. கதை வந்தது, நான் எழுதிய எதற்கும் வராத கடிதங்கள் அதற்கு வந்தன. பிறகு தொகுதியாகப் போட்டபோது, வஞ்சம் தீர்ப்பதுபோலக் கிணற்றை மறுபடி சேர்த்துவிட்டேன்.

அக்கா படித்தாள்.

"ஏண்டா, இந்தக் கிணத்துக் கதையெல்லாம் எதுக்கு? பத்திரிகையிலே வந்தப்போ இது இல்லையே. அப்போ நான் அழுதேன்."

"இப்போ?"

"இப்போ அந்தக் கிழவர் மேலே கோபம் வரது. நேரே கேட்டா என்னவாம்?"

அதைத்தானே அக்கா, நான் எழுதினேன் என்று சொல்ல வந்தேன், சொல்லவில்லை. அவள் அழுத கதை என்னுடையதா, ஆசிரியருடையதா என்பது எனக்கே நிச்சயமில்லை.

அதே கவிதைக்கு ஜார்ஜ் பட்டர்வொர்த் என்ற இளைஞரும் பாட்டமைத்திருக்கிறார். 1911-ல் வெளிவந்தது. குரலும் பியானோவும் மட்டும். ஒரு வரி விடவில்லை. இறந்தவனின் குரல் மெலிந்து இறங்கி வருகிறது, நண்பன் உரக்கப் பதில் சொல்கிறான், அவ்வளவுதான். வான் வில்லியம்ஸின் நண்பர் அவர். 1916-ல் ஸாம் போர்க்களத்தில் சுடப்பட்டு இறந்தார்; வயது 31. உடல் கிடைக்கவில்லை. இப்போது இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்கிறேன். உலுக்குவது வான் வில்லியம்ஸ்தான், சந்தேகமில்லை. ஆனால் பட்டர்வொர்த்தின் பாட்டில், மண்ணுக்கடியிலிருந்து அந்தப் பையன் பந்தாட்டத்தைப் பற்றி விசாரிக்கும் இடம் வரும்போது, கையிலிருக்கும் வேலையை வைத்துவிடுகிறேன்.

என் தொகுதியின் அடுத்த பதிப்புக்கு அச்சுப் பிழை திருத்தக் காகிதங்கள் வந்திருக்கின்றன. கிணறு இன்னும் அதில் இருக்கிறது. பென்சிலை எடுக்கிறேன், வைக்கிறேன்.