அடுப்பு அணையாமல் இருக்க



உயிர்களிடத்தில் அன்பு வேண்டும் என்று சொல்லாத சமய வகுப்பே நம்மிடம் கிடையாது. அதைக் கேட்டு வளர்ந்த சிலர் இன்று அதையே தொழிலாகவும் தொண்டாகவும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கால்நடை மருத்துவம் படிக்கிறவர்கள், கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறவர்கள், ஜெலுத்தோங்கில் உள்ள எஸ்.பி.சி.ஏ. மாதிரியான காப்பகங்களில் கூண்டு கழுவுகிறவர்கள், ஜார்ஜ் டவுன் சந்துகளில் ராத்திரி நேரத்தில் பூனைக்கும் நாய்க்கும் சாப்பாடு வைக்கிறவர்கள். இந்த மாதம் அவர்களுக்காகப் பேசுகிறேன். அவர்களைச் சுற்றி இருக்கிற நமக்காகவும்தான்.

இவர்களில் சிலர் என்னிடம் வந்து சொல்வது ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். "முன்னெல்லாம் ஒரு குட்டி செத்தா ரெண்டு நாள் சோறு இறங்காதுங்க ஐயா. இப்போ ஒண்ணுமே தோணல. நான் கல்நெஞ்சா ஆயிட்டேனா?"

இல்லை. நெஞ்சு கல்லாகவில்லை, களைத்துப்போயிருக்கிறது. இதற்குப் பெயரே இருக்கிறது. அமெரிக்காவில் தாதியரைப் பற்றி எழுதிய கார்லா ஜாய்ன்சன் 1992-ல் இதைக் கருணைக் களைப்பு என்ற பொருளில் குறிப்பிட்டார். வேலையால் வரும் சோர்வை உலகச் சுகாதார நிறுவனமும் 2019-ல் தன் நோய்ப் பட்டியல் நூலில் குறித்தது; அது நோய் அல்ல, வேலையிடத்தில் தீராத அழுத்தத்தின் விளைவு என்று விளக்கியது. தூக்கம் வராது. சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும். போன் அடித்தாலே வயிறு கலங்கும். நாம் மட்டும் நிம்மதியாகச் சாப்பிடுகிறோமே என்று குற்றவுணர்வு வரும். பிரிட்டனில் செய்த ஆய்வுகளில், தற்கொலையால் இறக்கும் கால்நடை மருத்துவர்களின் விகிதம் பொதுமக்களைவிட மூன்று மடங்குக்கும் மேல் என்று தெரியவந்தது. ஆகவே "சும்மா ரெஸ்ட் எடு, சரியாயிடும்" என்று தட்டிக் கழிக்கிற விஷயம் இல்லை இது.

விலங்குப் பணியில் மற்ற பணிகளுக்கு இல்லாத ஒரு பாரமும் உண்டு. காப்பாற்றும் அதே கைதான், தீராத வேதனையில் இருக்கும் உயிருக்குக் கடைசி ஊசியும் போட வேண்டியிருக்கிறது. 2015 செப்டம்பரை நினைத்துப் பாருங்கள். பினாங்கில் ரேபிஸ் பரவியது, தெருநாய்களைக் கொல்ல மாநில அரசு உத்தரவிட்டது, எதிர்ப்பும் கிளம்பியது. மனிதர் உயிர் ஒருபக்கம், நாய்களின் உயிர் ஒருபக்கம். தினம் சோறு வைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்ட நாய் மறுநாள் இல்லை என்றால் அந்த மனசு என்ன பாடு படும்? வெளியே அழவும் முடியாது. "நாய்க்குப் போயா இவ்வளவு?" என்று கேட்பார்கள்.

சிபிச் சக்கரவர்த்தி கதை உங்களுக்குத் தெரியும். அவர் வழிவந்தவர்கள் என்றுதான் சோழர்களுக்குச் செம்பியன் என்ற பெயரே வந்தது. பருந்துக்குப் பயந்து வந்த புறாவுக்கு அடைக்கலம் கொடுத்தார். பருந்து விடவில்லை. "அதைக் காப்பாற்றினால் நான் பட்டினி, அது நியாயமா?" என்று கேட்டது. புறாவின் எடைக்கு எடை தன் சதையை அறுத்துத் தராசில் வைத்தார். வைக்க வைக்கத் தட்டு சமமாகவில்லை. கடைசியில் தானே ஏறி உட்கார்ந்தார்.

இந்தக் கதையில் நாம் தியாகத்தை மட்டும் பார்க்கிறோம். தராசையும் கொஞ்சம் பாருங்கள். ஒரு சின்னப் புறாவுக்கு ஒரு மனிதன் சதை முழுவதும் போதவில்லை. தெருவில் இருக்கும் அத்தனை உயிருக்கும் தனியொரு ஆள் ஈடு கொடுக்க முடியாது என்பதும் அதில்தான் இருக்கிறது. சிபியைச் சோதிக்க வந்தவர்கள் தேவர்கள். முடிவில் அவர் உடம்பைத் திருப்பிக் கொடுத்தார்கள். நம்மைச் சோதிப்பது தேவர்கள் இல்லை. அறுத்த சதை நமக்குத் திரும்ப வராது.

அப்படியானால் இரக்கத்தைக் குறைத்துக்கொள்வதா? அதற்கு வள்ளலாரிடம் போவோம். வாடும் பயிரைப் பார்த்தே மனம் நொந்தவர் அவர். அந்த வேதனையோடு மூலையில் உட்கார்ந்து உருகிக்கொண்டே இருக்கவில்லை. 1867 மே 23-ல் வடலூரில் தருமச்சாலை தொடங்கினார். நிலம் கொடுத்தது பார்வதிபுரம் ஊர் மக்கள். அரிசி, விறகு, சமைக்க ஆள் எல்லாமே பல கைகளிலிருந்து வந்தது. 1874 ஜனவரியில் அவர் சித்தியடைந்தார். அவர் ஒருவரே விறகு தள்ளிக்கொண்டிருந்தால் அடுப்பு அன்றைக்கே அணைந்திருக்கும். இன்றும் எரிகிறது. அவர் தன் கருணையை ஊரார் முறைவைத்துக் காக்கிற அடுப்பாக மாற்றிவிட்டுப் போனார்.

இன்னொன்றும் செய்தார். எப்போது எழுவது, எப்படி உண்பது, எப்படி உறங்குவது என்று 'நித்திய கரும விதி' எழுதினார். ஜீவகாருண்யம் சொன்ன அதே வாய்தான் இதையும் சொன்னது. உங்கள் உடம்பிலும் ஒரு ஜீவன் இருக்கிறது, தம்பி. அதைப் பட்டினி போட்டுவிட்டு எந்த ஜீவகாருண்யம்?

நமக்கு இது புதிதும் இல்லை. தைப்பூசத் தண்ணீர்ப்பந்தலைப் பாருங்கள். வாட்டர்ஃபால் ரோட்டில் இரவு முழுக்க ஒரே ஆளா நிற்கிறான்? ஷிப்ட் போட்டு நிற்கிறோம். கால் வலித்தவனை "போய் உட்காருடா" என்று அனுப்பிவிட்டு அடுத்தவன் கரண்டியைப் பிடிக்கிறான். உட்கார்ந்தவனுக்குப் பக்தி குறைவு என்று யாரும் சொல்வதில்லை.

ஆகவே பணியில் இருக்கும் தம்பி தங்கைகளே, வாரத்தில் ஒரு நாளாவது மீட்பு அழைப்பே இல்லாத நாளாக வையுங்கள். இறந்த உயிருக்காக ஒரு விளக்கேற்றி, பெயர் சொல்லிக் கும்பிட்டு, இறைவனிடம் ஒப்படையுங்கள். துக்கத்துக்கும் ஒரு சடங்கு வேண்டும். இன்று காப்பாற்ற முடிந்த ஒன்றை எழுதி வையுங்கள். ராத்திரியில் வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றினால் அந்த நிமிஷமே யாரையாவது கூப்பிடுங்கள். பினாங்கில் பிஃப்ரெண்டர்ஸ் இருக்கிறார்கள், டாக்டர் இருக்கிறார். அது பலவீனம் கிடையாது.

மற்றவர்களே, இனி வழியில் அடிபட்ட நாயைக் கண்டால் படம் எடுத்து ஒருவருக்கு அனுப்பிவிட்டு "நீங்க பாத்துக்கோங்க" என்று நகர்ந்துவிடாதீர்கள். காரை நிறுத்துங்கள், கிளினிக் செலவில் பங்கு கொடுங்கள், கூண்டு கழுவ ஒரு ஞாயிறு காலை போங்கள். கருத்தடை செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். பிறக்கும் குட்டிகள் குறைந்தால் கடைசி ஊசிகளும் குறையும். முக்கியமாக, அந்தப் பணியில் இருப்பவரைப் பார்த்தால் முதலில் "நாய் எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். "நீ சாப்பிட்டியாம்மா?" என்று கேளுங்கள்.

வடலூர் அடுப்பு எரிவது அப்படித்தான். ஆளுக்கு ஒரு விறகு.

திருச்சிற்றம்பலம்.