மாறுமோ?

யாழ்ப்பாணத்தில் நோய் குணமாகிறது என்று நாங்கள் சொல்வதில்லை. வருத்தம் மாறுகிறது என்போம். நேற்றுப் பின்னேரம் கிணற்றடியில் தங்கச்சி கேட்டதும் அதையேதான். "அக்கா, இது மாறுமோ?"

கிளினிக் கொப்பிக்குள் நாலாய் மடித்த துண்டு. மடிப்புகளில் தாள் நைந்திருந்தது. எத்தனை தரம் பிரித்துப் பார்த்தாளோ! மறைவிடத்துப் பாலுண்ணி, எச்பிவி, குறைந்த ஆபத்து வகை என்று இருந்தது. அவள் கண்ணுக்கு 'ஆபத்து' மட்டுமே தெரிந்திருக்கிறது. மூன்று இரவாக மனம் தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலை வாசல் வரை போய்வருகிறதாம்.

*

எச்பிவி இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் கொண்ட வைரஸ். கையில், காலில் வரும் பாலுண்ணியும் இதே குடும்பம். மறைவிடத்துப் பாலுண்ணிகளில் பத்தில் ஒன்பதுக்கு 6, 11 என்ற குறைந்த ஆபத்து வகைகளே காரணம். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் 16, 18 போன்ற வேறு வகைகளால் வருவது.

*

பெரும்பாலும் மாறும். எச்பிவி தொற்றியவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு வருசத்துக்குள் உடம்பே அதை அடக்கிவிடும், சோதனையிலும் பிடிபடாது. முற்றாகத் துடைத்துவிட்டதா, தோலுக்குள் உறங்க விட்டிருக்கிறதா என்று எந்தச் சோதனையாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. 'மாறும்' என்ற எங்கள் சொல் இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. அழிந்துபோகும் என்று அது வாக்குக் கொடுப்பதில்லை.

மருந்து பூசினாலும், உறைய வைத்து எடுத்தாலும் போவது பாலுண்ணிதான், வைரஸ் அல்ல. முதல் சில மாதங்களில் திரும்ப முளைக்கலாம். முளைத்தால் திரும்பக் காட்டினால் போதும்.

*

அடுத்த கேள்விக்கு அவளுக்கு நெடுநேரம் எடுத்தது. வாளிக் கயிற்றைக் கையில் சுற்றினாள், அவிழ்த்தாள், திரும்பச் சுற்றினாள்.

"ஆரிட்டை இருந்து வந்தது?"

உடலுறவில் பரவி, மாதக்கணக்கில், சிலருக்கு வருசக்கணக்கில், சத்தமில்லாமல் கிடக்கிற தொற்று இது. எப்போது வந்தது, யாரால் வந்தது என்று எந்தத் துண்டிலும் எழுதியிராது. இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தையே உடைத்துவிடலாம். அதை விட்டுவிடடி என்றேன். இன்னும் விட்டிருக்க மாட்டாள். கயிற்றை மட்டும் கீழே வைத்தாள்.

*

இன்று காலை மகளின் பாடசாலைப் படிவத்தோடு வந்தாள். 2017 முதல் இலங்கையில் தரம் 6 மாணவிகளுக்கு எச்பிவி தடுப்பூசி போடுகிறார்கள். "அந்த எச்பிவிதானோ இது?" என்று கேட்டாள். அதுதான். வந்துவிட்ட தொற்றை அந்த ஊசி மாற்றாது; வரமுன் காக்கும். படிவத்தை மடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

*

வாற வருசம் அவளுக்கு 35. குறைந்த ஆபத்து வகை வந்ததால் மற்ற வகைகள் வராது என்றில்லை; கருப்பைக் கழுத்தைப் பார்க்கும் பாப் சோதனை அவளுக்கும் வேண்டும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் பெண்கள் நலக் கிளினிக்குகளில் அதை இலவசமாகவே செய்கிறார்கள். 35 ஆன தங்கச்சிமாரே, அக்காமாரே, வெட்கப்படாமல் ஒருக்கால் போய்வாருங்கள்.