ஆதாரம் யார் காட்டுவது?

"ஆதாரம் எங்கே?" நாம் விரும்பிக் கேட்கும் கேள்வி இது. சோதிடனிடம் கேட்கிறோம், மந்திரவாதியிடம் கேட்கிறோம். அதே கேள்வியைச் செலவுக் கணக்குப் பார்க்கும் நிர்வாகி ஒரு செவிலியிடம் கேட்டால், தோழர்களே, அதுவும் பகுத்தறிவாகுமா?

2003ஆம் ஆண்டு கனடாவின் டொராண்டோ நகரில் சார்ஸ் நோய் புகுந்தது. ஒண்டாரியோ மாகாணத்தில் ஏறத்தாழ 375 பேரைப் பற்றிற்று. 44 பேர் மாண்டனர். நோயுற்றோரில் நூற்றுக்கு 45 பேர் மருத்துவப் பணியாளர்!

நோய்க்கு முன்பே சிக்கனம் வந்துவிட்டது. 1990களில் மருத்துவமனைச் செலவைக் குறைத்தார்கள், செவிலியரையும் குறைத்தார்கள். 1997இல் மாகாண முதல்வர் மைக் ஹாரிஸ், வேலையிழப்போரை ஹூலா ஹூப் செய்த தொழிலாளருடன் ஒப்பிட்டார். சிறுவர் இடுப்பில் சுழற்றும் வளையமும், நோயாளியின் நாடி பார்க்கும் கையும் அவருக்கு ஒன்று! முழுநேரப் பணி கிட்டாத செவிலியர் பலர், ஒன்றுக்கு மேற்பட்ட மருத்துவமனைகளில் அலைந்து உழைத்தனர்.

ஆள் குறைந்த வார்டில் நடப்பதென்ன? அங்கி அணிய, கழற்ற, கை கழுவ நேரம் வேண்டும். இருவரைக் கவனிக்க வேண்டியவர் நால்வரைக் கவனித்தால், முதலில் களவு போவது அந்த நேரமே. பிறகு நோய் தொற்றினால், 'விதியை மீறினார்' என்பர்! தலைவிதி அல்ல, நிர்வாக விதி!

முகக்கவசம் இடைவெளியின்றிப் பொருந்துகிறதா எனச் சோதிக்கும் கடமை, அங்கே 1993 முதலே சட்டத்தில் இருந்தது. பெரும்பாலான மருத்துவமனைகள் அதைச் செய்யவில்லை. நோய் காற்றில் பரவும் என்பதற்குச் சான்று போதாது என வாதாடியோரும் இருந்தனர்.

சான்று முழுமையடையாத நேரத்தில் ஐயத்தின் விலையை யார் கொடுப்பது? கவசம் தேவையில்லை எனப் பின்னர் தெரிந்தால் நிர்வாகத்துக்குச் சில காசு நட்டம். தேவை எனத் தெரிந்தாலோ, நட்டம் செவிலியின் நுரையீரல்! ஆபத்தில்லை என்பவரன்றோ ஆதாரம் காட்ட வேண்டும்? ஆபத்தைக் குறைக்கும் நியாயமான ஏற்பாட்டுக்கு அறிவியலின் முழு உறுதி வரும்வரை காத்திருக்கலாகாது என, நீதிபதி ஆர்ச்சி கேம்ப்பெல் ஆணையமும் 2007இல் எழுதிற்று.

நான்காண்டு தாமதம்! 2003 மே 17இல் நெருக்கடி நிலை நீக்கப்பட்டது, காவலும் தளர்ந்தது. நோய் இன்னும் இருக்கிறதென்று நார்த் யார்க் பொது மருத்துவமனைச் செவிலியர் எச்சரித்தனர், எடுபடவில்லை. மே 23இல் அங்கேயே இரண்டாம் பரவல் வெளிப்பட்டது. அம்மருத்துவமனைச் செவிலி ஒருவர் ஜூன் இறுதியில் இறந்தார்.