கேட்க நீ யார்?

சம்பளம் வாங்காமல் பொதுக்காரியம் பார்க்கிற மனிதரிடம் கணக்குக் கேட்பது முறையா? கோயில் பரிபாலன சபையில் இந்தக் கேள்வி எழுகிறது, மரண உதவிச் சங்கத்தில் எழுகிறது, மைதானத்துக்கு வேலி போடக் காசு சேர்க்கும் இளைஞர் மன்றத்தில் எழுகிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நம் மலைகளைச் சரித்துவிட்டுப் போன பிறகு, நிவாரணம் சேர்த்த கைகளைச் சுற்றி அது இன்னும் உரத்துக் கேட்டது. கேட்டவருக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “ஒரு சதம் வாங்காம ஓடித் திரியிறவங்ககிட்ட போய்க் கணக்குக் கேக்கிறியே, கேக்க நீ யாரு?”

கேட்பது முறைதான். கேளாமல் விடுவதே பிழை. சம்பளம் வாங்காதது ஒருவருடைய நல்ல மனதைக் காட்டுகிறது. ஆனால் அவர் கையில் இருக்கும் பொதுச்சொத்து அதனால் அவருடையதாகிவிடாது.

இதைப் பணத்தை வைத்துப் பேசுவதைவிட ஒரு பூங்காவை வைத்துப் பேசினால் நன்றாக விளங்கும். பணம் களவுபோனால் ஏதாவது ஒரு புத்தகத்தில் தடம் இருக்கும். பூங்கா அப்படியல்ல, மூலை மூலையாகத்தான் குறையும். ஒரு மூலையில் வேண்டியவருக்குத் தேநீர்க்கடை. இன்னொரு மூலையில் வாகனத் தரிப்பிடம். வசந்த காலக் கொண்டாட்டத்துக்காக எழுப்பிய மேடை கொண்டாட்டம் முடிந்த பிறகும் நிற்கும். ஒரு சதம்கூடக் காணாமல் போயிருக்காது, கணக்குப் புத்தகம் சுத்தமாக இருக்கும். இருபது வருடம் கழித்துப் பிள்ளைகள் ஓட இடம் இருக்காது. ஆகவே பூங்காவைப் பேணும் சபை வரவு செலவோடு இடத்தின் கணக்கையும் காட்ட வேண்டும். எந்த அடி நிலம் யாருக்கு, எத்தனை காலத்துக்கு, எவர் சொல்லிக் கொடுக்கப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

நுவரெலியா நகரின் நடுவில் விக்டோரியா பூங்கா இருக்கிறது. 1897இல் விக்டோரியா அரசியின் வைர விழாவை ஒட்டி அந்தப் பெயர் பெற்றது. பரப்பு 27 ஏக்கர், நிர்வாகம் மாநகர சபை. குளிர்காலத்தில் காஷ்மீர் ஈப்பிடிப்பான் என்ற பறவையைத் தேடி உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். ஆனால் அந்தப் புல்வெளியின் அருமை தோட்டத்துச் சனங்களுக்குத்தான் அதிகம் தெரியும். இந்த மலைகளில் ஒவ்வொரு செடியையும் நட்டவர்கள் அவர்கள். நடந்துபோக, உட்கார, பிள்ளையை ஓடவிட அவர்களுக்கென்று ஒரு துண்டு புல் இருந்ததில்லை. லயத்து வாசலில் கான் ஓடும். அழகான பூந்தோட்டம் என்றால் அது துரை பங்களாவில் இருந்தது, வேலிக்கு அந்தப் பக்கம். துரையின் அனுமதி கேட்காமல் போய் உட்காரக்கூடிய முதல் தோட்டம் நம் ஆட்களுக்கு ஒரு பொதுப்பூங்காதான். அதில் ஒரு மூலை குறைந்தால் யாருக்குக் குறைகிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பூங்காக்களை அறநிலையங்களிடம் ஒப்படைப்பது உலகத்துக்குப் புதிதல்ல. நியூயோர்க்கின் சென்ட்ரல் பார்க் சீரழிந்து கிடந்தபோது, 1980இல் அதற்கென்றே ஒரு தனியார் அறநிலையம் உருவாகி அதை மீட்டெடுத்தது. நம் உள்ளூராட்சி சபைகள் காசில்லாமல் திணறும்போது ‘ஏதாவது பொதுநலச் சங்கத்திடம் கொடுத்துவிடலாம்’ என்ற யோசனை எழுவதும் இயல்பு. நல்ல யோசனையாகவும் இருக்கலாம். ஆனால் கொடுக்கும் முன் சென்னையைப் பார்க்க வேண்டும். அங்கே கதீட்ரல் சாலையில் 1835இல் தொடங்கிய தோட்டக்கலைச் சங்கம் ஒன்று பெருமைமிக்க ஒரு தோட்டத்தைப் பேணிவந்தது. பின்னர் அந்த நிலம் யாருடையது என்று சங்கத்துக்கும் அரசுக்கும் வழக்கு மூண்டு, பல பத்தாண்டுகள் நீண்டது. ஒரு பகுதியில் 2010இல் செம்மொழிப் பூங்கா வந்தது. இன்னொரு பகுதியில் 2024 அக்டோபரில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறக்கப்பட்டது. சட்டப்படி எவர் பக்கம் நியாயம் என்பது நீதிமன்றத்தின் வேலை. நம் மனதை உறுத்துவது வேறொன்று. ஒரு தோட்டத்தை வளர்ப்பதற்காகக் கூடிய சங்கம், அந்தத் தோட்டம் தன்னுடையதா பொதுவுடையதா என்று வாதாடும் இடத்துக்கு வந்து சேர்ந்தது. காவலுக்கும் உரிமைக்கும் நடுவே உள்ள கோடு ஆண்டுக்கு ஆண்டு பார்க்கப்படாவிட்டால் இப்படித்தான் மங்கும்.

பிரித்தானியாவில் நடந்தது இதைவிட வேதனை. கப்டன் டொம் மூர் என்ற முதியவர் 2020இல் தன் நூறாவது பிறந்தநாளுக்கு முன் வீட்டுத் தோட்டத்தில் நூறு சுற்று நடந்தார். சுகாதார சேவை அறநிலையங்களுக்காக அவர் நடக்க, 3 கோடி 80 இலட்சம் பவுணுக்கு மேல் சேர்ந்தது. அந்தப் பணம் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு அவர் பெயரில் வேறொரு அறக்கட்டளை எழுந்தது, குடும்பத்தார் நடத்தினார்கள். அறக்கட்டளையின் பெயரைச் சொல்லி அனுமதி வாங்கி வீட்டு வளவில் ஒரு கட்டடம் எழும்பியது. அதில் நீராடும் தொட்டியும் அடக்கம் என்பது பின்னால் தெரியவந்தது. 2024இல் அது இடிக்கப்பட்டது. அதே ஆண்டு மகளுக்கு 10 ஆண்டும் மருமகனுக்கு 8 ஆண்டும் அறங்காவலர் பதவிக்குத் தடை விழுந்தது. உலகமே கைகூப்பிய ஒரு கிழவரின் பெயர்! கணக்கைக் காலத்தோடு கேட்டிருந்தால் அந்தப் பெயராவது தப்பியிருக்கும்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சட்டம், நமக்கு ஏன் என்பார்கள். உத்தரமேரூருக்குப் போய்ப் பார்க்கட்டும். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. குடவோலை முறை பற்றிப் பெருமை பேசுகிறவர்கள் பலர், அதற்குள் இருக்கும் தோட்ட வாரியத்தைக் கவனிப்பவர்கள் குறைவு. ஊரின் தோட்டங்களைப் பார்த்துக்கொள்ளப் பன்னிரண்டு பேர் கொண்ட வாரியம், பதவிக்காலம் 360 நாள். 35 வயதுக்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும். கடந்த மூன்று ஆண்டுக்குள் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வரக்கூடாது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரின் பெயரைக் குடத்தில் போடவே கூடாது. அவர் மட்டுமல்ல, சிற்றன்னை மகன், அத்தை மகன், மாமன், மாமனார், மைத்துனன் என்று உறவுமுறைகளை வரிசையாக எழுதி அவர்களையும் விலக்கியிருக்கிறார்கள். ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்னால் ஒரு தமிழ் ஊர், கணக்குக் காட்டாத தோட்டக் காவலரின் மைத்துனனுக்கும் கதவைச் சாத்தியிருக்கிறது. நம் சபைகளில் தலைவர் மாமன், பொருளாளர் மருமகன் என்று இருக்கையில் நாம் எந்த முகத்தோடு அந்தக் கல்லைப் பார்ப்பது?

வள்ளுவர் ‘தெரிந்து வினையாடல்’ அதிகாரத்தில் ஆளைத் தேர்ந்து வேலையை ஒப்படைக்கச் சொன்னார். ஒப்படைத்தபின் நம்பிவிட்டு உறங்கச் சொல்லவில்லை. வினை செய்பவனை அரசன் நாள்தோறும் ஆராய வேண்டும் என்று அந்த அதிகாரத்தை முடித்தார். ‘நடுவு நிலைமை’யில் பிறர் பொருளையும் தம் பொருள்போலப் பேணுவதுதான் வணிகனுக்கு அழகு என்றார். இலங்கையின் 1917ஆம் ஆண்டு நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டமும் அதே அளவுகோலைத்தான் வைக்கிறது. விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தச் சொத்தை எவ்வளவு கவனமாகப் பார்ப்பாரோ, அவ்வளவு கவனமாகப் பொறுப்பாளர் பார்க்க வேண்டும். இன்னொன்றையும் அது சொல்கிறது, ‘சும்மா உழைக்கிறோம்’ என்பவர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஆவணத்தில் வேறு ஏற்பாடு இல்லாதவரை பொறுப்பாளருக்குத் தன் உழைப்புக்குச் சம்பளம் கேட்க உரிமை கிடையாது என்பதே பொதுவிதி. சம்பளமில்லாதவர் என்று தெரிந்துகொண்டேதான் சட்டம் அவரிடம் கணக்கு வைக்கச் சொல்கிறது, கேட்டால் காட்டச் சொல்கிறது. தர்ம நம்பிக்கைப் பொறுப்பில் அக்கறையுள்ள ஐந்து பேர் சேர்ந்தால் மாவட்ட நீதிமன்றத்துக்கே போகலாம்.

சம்பளம் வாங்குகிற தோட்டக்காரரை வேலையிலிருந்து நிறுத்தலாம். சம்பளமில்லாத அறங்காவலரை நிறுத்த யாரிடம் என்ன பிடி இருக்கிறது? கணக்கு ஒன்றுதான். மேலும் அவர் ஒன்றும் பெறவில்லை என்பதும் முழு உண்மையல்ல. முன்வரிசை நாற்காலி, மாலை, கல்லில் பொறித்த பெயர், தேர்தல் வந்தால் ஒரு மதிப்பு, எல்லாம் ஊர் கொடுப்பவை. தேன் எடுத்தவன் புறங்கையை நக்குவான் என்று சிரித்துக்கொண்டு சொல்கிறோமே, அந்தச் சிரிப்பில்தான் நம் பொதுச்சொத்துகள் கரைந்தன.

காவல் இன்னொரு விதமாகவும் கெடும். சங்ககால மன்னன் நன்னனின் காவல் மரத்து மாங்காய் ஆற்றில் மிதந்து வந்தது. அதை எடுத்துத் தின்ற ஒரு பெண்ணை அவன் கொலை செய்தான். 81 யானையும் அவள் எடைக்கு எடை பொன்பாவையும் தருகிறோம் என்று உறவினர் மன்றாடியும் கேட்கவில்லை. குறுந்தொகை இதைப் பதிந்து வைத்ததால் இரண்டாயிரம் ஆண்டாக அவன் பெயர் வசையாகவே நிற்கிறது. பூங்காவைப் பேணுகிறோம் என்று கட்டணத்தை உயர்த்தி உயர்த்தி, தோட்டத்துப் பிள்ளையை வாசலில் நிறுத்தும் சபை எதுவானாலும் அது நன்னனின் வழியில்தான் நடக்கிறது.

மறுபக்கத்துக்கும் ஒரு சொல். ஓயாத சந்தேகம் நல்லவர்களை விரட்டும். ஞாயிற்றுக்கிழமையையும் பெற்றோல் காசையும் கொடுத்து உழைப்பவரைச் சந்தியில் வைத்துக் கள்ளன் என்பது பாவம். ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் வருடத்துக்கு ஒருமுறை தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினால் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. காந்தி 1894இல் நேட்டால் இந்தியக் காங்கிரஸைத் தொடங்கியபோது சின்னத் தொகைக்கும் பற்றுச்சீட்டு எழுதினார், கணக்கை அப்பழுக்கில்லாமல் வைத்தார். அவரை விடவா நம் தலைவர்கள் நம்பிக்கைக்குரியவர்கள்?

சிலப்பதிகாரத்துப் பாண்டியன் தவறு செய்தவன். பொற்கொல்லன் சொன்னதைச் சரிபார்க்காமல் ஓர் உயிரைப் போக்கியவன். ஆனால் தலைவிரி கோலமாக ஒரு பெண் அவைக்குள் வந்து நின்றபோது, ‘நீ யார்’ என்று கேட்டான். ‘கேட்க நீ யார்’ என்று கேட்கவில்லை. தன்னிடம் இருந்த சிலம்பைக் கொண்டுவரச் செய்து அவள் முன் வைத்தான். அவள் அதை உடைத்து உண்மை தெரிந்ததும் அரியணையில் உயிர் விட்டான். இன்று நாம் யாரையும் உயிர் விடச் சொல்லவில்லை. சிலம்பைக் கொண்டுவந்து வைக்கத்தான் சொல்கிறோம்.

கணக்கை மறைத்தவர்களால் நம்மளவுக்கு அடிபட்ட சமூகம் அதிகம் இல்லை. துண்டு என்ற கடன்சீட்டு முறையில் கடனைக் கங்காணி எழுதினான், கூலி அதைப் பார்த்ததில்லை. 1921இல் அந்தத் துண்டு ஒழிந்தது. இன்றைக்கும் மாலையில் தராசடியில் கொழுந்து நிறுக்கிறார்கள். சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்தது போக ஒரு கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. அது கொழுந்து பறித்தவளுக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். மாதக்கடைசியில் கோயிலுக்கென்று பிடித்த தொகையும் சில தோட்டங்களில் சம்பளச் சீட்டிலேயே வரும். அந்தத் தொகையில் நட்ட மரம் எது, வேலிக்குப் போனது எவ்வளவு, மைதானத்தின் மேல் மூலை யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று எழுதிய தாளைக் கோயில் சுவரில் அவள் இன்னும் பார்க்கவில்லை.