எடையும் இருப்பும்

ஓர் உயிர் பத்திரமாக இருக்க வேண்டுமானால் அது இருப்பது முதலில் அறியப்பட்டாக வேண்டும் என்ற நிபந்தனை நியாயமானதா? இதைக் கேட்கப் பெரிய சரித்திர உதாரணங்கள் தேவையில்லை. தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் பூனை மணல்பெட்டி போதும். அற்ப விஷயம் என்று இதை ஒதுக்கிவிட முடியவில்லை. யந்திரத்தோடு நமக்குள்ள உறவு பெரிய ஆலைகளைவிட இத்தகைய சில்லறைச் சாமான்களில்தான் பட்டவர்த்தனமாகத் தெரிகிறது.

வீட்டுப்பூனை பாலைநிலக் காட்டுப்பூனையின் வம்சம். கழித்ததை மண் தோண்டி மூடுவது அதன் சுபாவம். 1947-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்ட் லோ என்பவர் ஈரத்தை உறிஞ்சும் களிமண்ணைப் பையில் கட்டி இதற்கென்றே விற்க ஆரம்பித்தார். பூனை வெளியே போகாமல் வீட்டுக்குள்ளேயே வாழ்வது சுலபமாயிற்று. 1980-களில், ஈரம் பட்ட இடத்தில் கட்டியாக இறுகும் பென்டோனைட் களிமண் உபயோகத்துக்கு வந்தது. கட்டியானதைக் கரண்டியால் அள்ளலாம். கரண்டியால் அள்ளக்கூடியதை யந்திரமும் அள்ளலாம். 1990-களில் வாரும் சீப்பு வந்தது. பிறகு சுழலும் குடம். ஒவ்வொரு படியிலும் மனிதன் அந்த இடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகி வந்திருக்கிறான்.

சுழலும் பெட்டியின் அமைப்பு எளியது. குடத்துக்குள் மணல், அடியில் எடையை உணரும் கருவி, சிலவற்றில் வாசலருகே அகச்சிவப்புக் கதிரும் உண்டு. பூனை ஏறினால் எடை கூடுகிறது, இறங்கினால் குறைகிறது. சில நிமிஷங்கள் பொறுத்துக் குடம் சுழல்கிறது. மணல் சல்லடை வழியே விலக, கட்டிகள் மட்டும் கீழேயுள்ள இழுப்பறையில் விழுகின்றன. குடம் பழைய நிலைக்குத் திரும்புகிறது.

சில பெட்டிகளின் கையேட்டில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது: சுமார் ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்த குட்டிகள் இருக்கும் வீட்டில் தானியங்கு முறையை நிறுத்தி வைக்கவும். இதை நான் ஒரு தத்துவ வாக்கியமாகவே படிக்கிறேன். இரண்டு மாதக் குட்டி ஏறக்குறைய ஒரு கிலோதான். அது குடத்துக்குள் நிற்கிறது, மணலைப் பிறாண்டுகிறது, ஒருவேளை கத்தவும் கத்துகிறது. ஆனால் யந்திரத்தின் கணக்கில் அங்கே எதுவும் இல்லை. 1637-இல் டெகார்ட் மிருகங்களை யந்திரங்களுக்கு ஒப்பிட்டபோது பார்த்தது மனிதன், பார்க்கப்பட்டது மிருகம். இப்போது யந்திரம் மிருகத்தைப் பார்க்கிறது. பார்த்து, அதை ஒரு எண்ணாகக் குறைத்துக்கொள்கிறது. அந்த எண் ஓர் எல்லைக்குக் கீழே போனால் இருப்பே ரத்தாகிவிடுகிறது.

கருவியை இன்னும் நுட்பமாக்கினால் தீர்ந்தது என்பது தொழில்நுட்பத்தின் வழக்கமான பதில். எனக்கு இது பதிலாகப் படவில்லை. நுட்பமான கருவியிலும் தூசி படியும். பெட்டியை மெத்தென்ற கம்பளத்தின்மேல் வைத்தால் எடைக் கணக்கு தவறும். பூனையும் கையேட்டைப் படித்துவிட்டு வருவதில்லை. உடம்பை வெளியே வைத்துத் தலையை மட்டும் உள்ளே நுழைத்துப் பார்க்கும். எல்லை எங்கே போடப்பட்டாலும் அதற்குக் கீழே ஏதோ ஓர் உயிர் இருந்துகொண்டுதான் இருக்கும்.

2024-இல், தானியங்கிப் பெட்டிகளில் பூனைகள் சிக்கி இறந்த செய்திகள் பரவலாகப் பேசப்பட்டன. அப்போது கவனத்துக்கு வந்தது கருவியைவிட வடிவம். நிலையான வெளிக்கூட்டுக்குள் குடம் சுழலும்போது, குடத்தின் வாயும் கூட்டின் வாயும் ஒன்றையொன்று கடந்து கத்தரிக்கோலின் இரு அலகுகள்போல் மூடிக்கொள்ளும் அமைப்பு அது. அங்கே பூனையின் கழுத்தைக் காப்பது கருவியின் விழிப்பு ஒன்றுதான். இதற்கு மாறாக, இரண்டு விளிம்புகள் நெருங்கவே இடமில்லாத வடிவத்தையும் செய்ய முடியும். எதிர்ப்பு பட்டவுடன் நின்று பின்வாங்கும் மோட்டாரை வைக்க முடியும். முதல் வகையில் அறியப்பட்ட உயிர் மட்டும் பிழைக்கிறது. இரண்டாவதில் அறியப்படாததும் பிழைத்துக்கொள்ள வழியிருக்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் விலை வித்தியாசம் மட்டுமல்ல, அற வித்தியாசம்.

வைஷ்ணவ மரபில் மார்ஜார நியாயம் என்று ஒன்று உண்டு. குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டி ஒன்றும் செய்ய வேண்டாம், தாய் கவ்விக்கொண்டு போகும். சரணாகதிக்குத் தென்கலையார் சொல்லும் உவமை. அந்த உவமையில் என்னை ஈர்ப்பது குட்டியின் நம்பிக்கையைவிடத் தாயின் பல். கொல்லக்கூடிய அதே பல் குட்டியின் பிடரியில் அழுந்தாமல் நிற்கிறது. நாமும் குட்டியை ஒரு வாய்க்குள்தான் அனுப்புகிறோம். ஆனால் அந்த வாய் தன் பலத்தை அறியாது. அப்படியிருக்க, அந்த அறிவை அதைச் செய்தவனிடமிருந்துதான் கேட்க வேண்டும். அவனோ, ஒரே அச்சில் வார்த்த சாமான் பல பெயர்களில் விலைபோகும் சந்தையில், பல சமயம் விலாசமில்லாதவன்.

யந்திரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதுகு வளையாத கிழவிக்கு இது பேருதவி. டாக்ஸோபிளாஸ்மா கிருமியின் முட்டைகள் மலத்தில் வெளிவந்து தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகும் என்பதால், உடனுக்குடன் அகற்றுவது மனிதருக்கும் நல்லது. ஆனால் கரண்டியோடு தினமும் குனிந்தவன் அசிங்கத்தை மட்டும் அள்ளவில்லை, செய்தியையும் அள்ளினான். ஆண் பூனைக்கு மூத்திரம் அடைத்துக்கொண்டால் இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடலாம். ஈரக்கட்டி ஒன்றும் இல்லாத மணல்தான் அதற்கு ஒரு முதல் அறிகுறி. இல்லாததைக் கவனிக்க ஒரு மனம் வேண்டும். இழுப்பறையை வாரம் ஒருமுறை திறப்பவனுக்கு அந்த இல்லாமை தென்படாது. சில யந்திரங்கள் எத்தனை முறை பூனை வந்துபோனது என்று கைபேசிக்கு எண் அனுப்புகின்றன. முக்கி முக்கி ஒன்றும் வராமல் பத்துமுறை ஏறி இறங்கிய பூனையின் வேதனையும் அந்தக் கணக்கில் பத்து என்றுதான் பதிவாகும். அந்தப் பத்தைப் பார்த்து யாராவது பதற வேண்டும்.

இந்தப் பெட்டிகளைச் சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. பூனையை அப்புறப்படுத்திவிட்டு, பஞ்சடைத்த பொம்மை ஒன்றை வாசலில் பாதி உள்ளும் பாதி வெளியுமாக வைத்துக் குடத்தைச் சுழல விட வேண்டும். பொம்மைக்கு எடையில்லை, அதனால் யந்திரத்துக்கு அது இல்லை. அந்த இல்லாத ஒன்றை அது என்ன செய்கிறது என்று நின்று பார்த்துவிட்டு, பிறகு குட்டியை உள்ளே விடலாமா என்று முடிவு செய்துகொள்ளலாம்.