வென்றது யார்?

கல்லூரிக் கூடைப்பந்து அணி வெல்கிறது. திடலோரம் நின்ற நாம் "வென்றோம்!" என்று முழங்குகிறோம். பந்தைத் தொட்டோமா? வியர்வை சிந்தினோமா? பிறகு ஏன் "வென்றனர்" என்னாமல் "வென்றோம்" என்கிறோம்?

பாட்டன் பெருமையைத் தன் பெருமையாக்கிச் சாதிச் செருக்குப் பேசுவோனை, உழைக்காமல் பெற்ற பெருமை அது என்று மறுக்கிறோம். அந்த அளவுகோல் நமக்கும் உண்டன்றோ!

1966 மார்ச் 19. அமெரிக்கக் கல்லூரிகளின் இறுதிப் போட்டி. டெக்சாஸ் வெஸ்டர்ன் அணியின் பயிற்சியாளர் டான் ஹாஸ்கின்ஸ் முதலில் களமிறக்கிய ஐவரும் கறுப்பு இளைஞர். எதிரே, வெள்ளையர் மட்டுமே ஆடிய கென்டக்கி அணி. முடிவு 72–65, டெக்சாஸ் வெஸ்டர்ன் வென்றது! நிறத்தால் திறமையை அளந்த ஆணவம் தலைகுனிந்தது. 1967-இல் தென்கிழக்குக் கூட்டமைப்பின் முதல் கறுப்புக் கூடைப்பந்து வீரராக வாண்டர்பில்ட் அணியில் பெர்ரி வாலஸ் ஆடினார். அடைத்த கதவைத் திறக்கும் வெற்றியில் ஆடாதவருக்கும் பங்குண்டு. திறக்கத் துணை நின்றால்!

பாப்பிரெட்டிப்பட்டித் தோழர்களே! கைதட்டுவது எளிது. ஊர்த் திடலில் பந்து எல்லார் கைக்கும் வருகிறதா? சேரிச் சிறுவனுக்கு இடம் உண்டா? பெண்பிள்ளைக்கு உண்டா? கேட்போம், இல்லையெனில் பெற்றுத் தருவோம். அவர்கள் வெல்லும் நாளில் "வென்றோம்" என்னும் சொல் நமக்கும் உரியதாகும்.